எட்டு மணி நேரம் தாங்குற சோறு

கண்ணு, டப்பா வாங்கினா அதுக்குள்ளே சோறும் சேர்ந்து வரும்னு உனக்கு எந்த மகராசன் சொன்னான்? எலக்ட்ரானிக் சிட்டி பிளாட்டுல உன் அடுப்படி அலமாரியைத் திறந்தா, ஒரு கல்யாணத்துக்கே கட்டுச்சோறு கட்டலாம். நாலு பக்கமும் கொக்கி போட்ட கண்ணாடி டப்பா, உள்ளே மூணு அறை பிரிச்ச டப்பா, கரண்ட் செருகினா தானே சூடாகிற டப்பா, இத்தனையையும் தூக்கிட்டுப் போறதுக்கு வெள்ளிக் காகிதம் ஒட்டின பை. எல்லாம் பளபளன்னு இருக்கு. எல்லாம் பட்டினி கிடக்கு.

பிரிட்ஜ் கதவுல ஒரு அட்டவணை வேற. திங்களுக்கு இது, செவ்வாய்க்கு அதுன்னு பச்சை மையிலே, சிவப்பு மையிலே. எங்க பஞ்சாயத்து ஆபீஸ்லகூட இவ்வளவு நேர்த்தியா பட்ஜெட் போட்டு நான் பார்த்ததில்லை. நிறைவேறுறதும் அதே லட்சணத்துலதான் போல.

ஞாயித்துக்கிழமை முழுக்க நின்னு அஞ்சு நாள் சோத்தையும் ஒரே மூச்சுல சமைக்கிறே. அஞ்சு டப்பாவிலே அடைச்சு பிரிட்ஜுல அடுக்குறே. போட்டோ எடுத்து ஊருக்கெல்லாம் காட்டுறே. திங்கக்கிழமை மத்தியானம் "ஆகா". செவ்வாய்க்கிழமை "பரவாயில்லை". புதன்கிழமை மூடியைத் திறக்கும்போதே முகம் கோணுது. வியாழக்கிழமை டப்பா பிரிட்ஜுல இருக்கு, நீ ஆபீஸ்ல இருக்கே, நடுவுல ஒரு பையன் ஆரஞ்சு சட்டை போட்டுக்கிட்டு பைக்குல வேர்த்து விறுவிறுத்து வர்றான். வெள்ளிக்கிழமை மிச்சம் இருக்கிறதை நம்ம ஊர் நாயும் மோந்து பார்த்துட்டுப் போயிடும்.

அந்தப் பையனை நான் குறை சொல்லலை. வயித்துப் பொழப்பு. ஸ்விக்கி கம்பெனி 2014-ல பொறந்ததே உங்க பெங்களூர்லதான். 2024 நவம்பர்ல பங்குச் சந்தைக்கும் வந்துடுச்சு. உன் சோம்பலுக்கு பம்பாயிலே விலை போட்டு விக்கிறாங்க கண்ணு. நான் நாலு ஏக்கர்ல ராகி போட்டு அப்படி ஒரு விலையைப் பார்த்ததில்லை.

உனக்குச் சொல்றதுக்கு என்கிட்டே இருக்கிறது ஒரே ஒரு சமாச்சாரம். ஞாயித்துக்கிழமை சாப்பாட்டைச் சமைக்காதே. சாப்பாட்டோட முன்பாதியைச் சமை. பின்பாதிக்கு காலையிலே பத்து நிமிஷம் போதும். எதை முன்னாடி செஞ்சு வெக்கலாம், எதை வெக்கக் கூடாதுன்னு தெரிஞ்சாப் போதும். அட்டவணையைக் கிழிச்சு அடுப்புப் பத்த வெக்கலாம். உங்க வீட்டுல அடுப்பும் கரண்ட்லதான் எரியுதுன்னா, சும்மா கிழிச்சுப் போடு.

இதைக் கத்துக்க யூடியூப்ல போய்த் தேடாதே. கோலார் தங்கவயலுக்குப் போய், விடியறதுக்கு முன்னாடி மாரிக்குப்பம் ஸ்டேஷன்ல நில்லு. சுரங்கம் ஓடின காலத்துல நம்ம வட ஆற்காட்டுக்காரங்களும் சேலத்துக்காரங்களும் குடும்பம் குடும்பமா அங்கே போய்ப் பூமிக்குள்ளே இறங்கினாங்க. 2001 பிப்ரவரி 28-ந் தேதி சுரங்கத்தை மூடினாங்க. அதுக்கப்புறம் அவங்க புள்ளைங்களுக்கு பெங்களூர்தான் சுரங்கம். சுமார் நூறு கிலோமீட்டர். மாரிக்குப்பம், சாம்பியன், ஊர்காம், கோரமண்டல்னு வண்டி நின்னு நின்னு ஆள் ஏத்திக்கிட்டு, பங்காருப்பேட்டை வழியா பெங்களூர் போகும். திரும்ப இருட்டினதுக்கு அப்புறம்தான் வீடு. ஏதோ ஒரு நாள் இல்லை கண்ணு, வருஷக்கணக்கா இதே ஓட்டம்.

இப்போ கணக்குப் போடு. அஞ்சு மணிக்குக் கட்டின டப்பா ஒரு மணிக்குத்தான் திறக்கும். எட்டு மணி நேரம். நடுவுல பிரிட்ஜ் கிடையாது. போய்ச் சேர்ற இடத்துல மைக்ரோவேவ் இருக்கும்னு நிச்சயம் கிடையாது. ரயில் நெரிசல்ல டப்பா நிமிர்ந்து நிக்கிறதே பெரும்பாடு. அந்த வண்டியிலே போற பொம்பளைங்க யாரும் பிரிட்ஜுல அட்டவணை ஒட்டலை. ஆனா எந்தச் சோறு ஒரு மணி வரைக்கும் நிக்கும், எது பத்து மணிக்கே நூல் விட்டுடும்னு அவங்க கைக்குத் தெரியும். எட்டு மணி நேரம் தாங்குறது எதுவோ அதுதான் ஆபீஸ் சோறு. மத்ததெல்லாம் வீட்டுச் சோறு. வீட்டுலயே உக்காந்து சாப்பிடு.

எது தாங்கும்? புளி போட்டது தாங்கும். உப்பும் நல்லெண்ணெயும் கணக்கா இருக்கிறது தாங்கும். தண்ணி வத்தினது தாங்கும். புளிக்காய்ச்சலை எண்ணெய் மேலே மிதக்குற வரைக்கும் சுண்டக் காய்ச்சி, ஈரமில்லாத பாட்டில்ல போட்டு பிரிட்ஜுல வெச்சா வாரக்கணக்கா கிடக்கும். தக்காளித் தொக்கும் அப்படித்தான். வத்தக்குழம்பு நாலு நாள் போனா ருசி ஏறும். எது தாங்காது? தேங்காய். அரைச்ச தேங்காயைப் போட்டுட்டு மத்தியானம் வரைக்கும் வெச்சிருக்கிறது பேராசை. அப்புறம் பருப்பு மசிஞ்ச குழம்பு, உருளைக்கிழங்கு மசியல், பாதி வதக்கின வெங்காயம். உன் ஆபீஸ் டப்பாவிலே தினமும் என்ன இருக்கு? தேங்காய்ச் சட்னி, பருப்பு சாம்பார், உருளைக்கிழங்கு மசியல். பொறுக்கி எடுத்து வெச்சிருக்கே, போ.

சோத்து விஷயத்துல மட்டும் நையாண்டி பண்ண மாட்டேன், காது கொடுத்துக் கேளு. பாசில்லஸ் சீரியஸ்னு ஒரு கிருமி இருக்கு. அதோட வித்து கொதிக்கிற உலையிலேயும் சாகாது. வெந்த சோறு வெதுவெதுன்னு மணிக்கணக்கா கிடந்தா அது முளைச்சு விஷம் கக்கும். அதுக்கப்புறம் எவ்வளவு சூடு பண்ணினாலும் வாந்தி எடுக்க வெக்கிற அந்த விஷம் போகாது. நீ என்ன பண்றே, ஆவி பறக்கிற சோத்தை டப்பாவிலே அமுக்கி, கொக்கி நாலையும் பூட்டி, பிரிட்ஜுக்குள்ளே தள்ளுறே. நடுவுல இருக்கிற சோறு ராத்திரி முழுக்க வெதுவெதுன்னு கிடக்கும். தாம்பாளத்துல பரப்பி ஆற விடு, ரெண்டு மணி நேரத்துக்குள்ளே பிரிட்ஜுக்குப் போகணும். உணவு ஒண்ணு 5 டிகிரிக்குக் கீழே குளிரணும், இல்லே 60 டிகிரிக்கு மேலே சுடணும். வெதுவெதுப்புதான் எமன். புளிச்சோறு, எலுமிச்சஞ்சோறு, தயிர்ச்சோறு மூணும் ரயிலேறி ஊர் போய்ச் சேர்றதுக்குக் காரணம் அந்தப் புளிப்புதான். பழைய சோறும் தண்ணிக்குள்ளே கிடந்து புளிச்சதாலதான் பிழைச்சது. அடுப்பு மேலே சும்மா மூடி வெச்ச நேத்துச் சோறு வேற சாதி.

குளிர்ந்த சோத்துக்கு ஒரு பெருமையும் உண்டு. 2015-ல கொழும்புல படிக்கிற ஒரு பையனும் அவன் வாத்தியார் புஷ்பராஜா தவராஜாவும் அமெரிக்க வேதியியல் சங்கக் கூட்டத்துல போய் ஒண்ணு சொன்னாங்க. உலைத்தண்ணியிலே கொஞ்சம் தேங்காயெண்ணெய் விட்டு அரிசியை வேக வெச்சு, பன்னெண்டு மணி நேரம் பிரிட்ஜுல வெச்சா, லேசுல செரிக்காத மாவுச்சத்து கூடுதாம். திரும்பச் சூடு பண்ணினாலும் குறையலையாம். அதனால உடம்புல ஏறுற கலோரி குறையலாம்னு அவங்க கணிப்பு. சென்னை ஸ்டான்லி ஆஸ்பத்திரியிலே பழைய சோத்தை வெச்சே ஆராய்ச்சி பண்ணியிருக்காங்க. எங்க ஆத்தா கேட்டிருந்தா, "இதுக்கா பிளேன் ஏறிப் போனாங்க"ன்னிருப்பா.

சேமிச்சு வெக்கிற சமாச்சாரத்துல கன்னடத்துக்காரங்க நமக்கு மூத்தவங்க. காகினெலெ கனகதாசர் பதினாறாம் நூத்தாண்டுல 'ராமதான்ய சரித்ரெ'ன்னு ஒண்ணு எழுதினார். அரிசிக்கும் ராகிக்கும் யார் பெரியவன்னு சண்டை. ராமர்கிட்டே பஞ்சாயத்து. அவர் என்ன பண்ணினார்னா, ரெண்டு பேரையும் ஆறு மாசம் சிறையிலே போட்டார். வெளியே வந்தப்போ அரிசி கெட்டுப் போயிருந்தது, ராகி போட்டது போட்டபடி இருந்தது. தீர்ப்பு ராகிக்கு. எந்த உணவு எத்தனை நாள் தாங்கும்னு சோதனை வெச்சுப் பார்த்து அதைக் காவியமாவும் பாடின ஊர்ல உக்காந்துக்கிட்டு, நீ பிரிட்ஜை வாழ்த்திக்கிட்டிருக்கே.

ராகி தானியமா இருக்கிற வரைக்கும்தான் அந்தக் கெத்து, அதையும் சொல்லிடறேன். மாவாக்கினா சீக்கிரம் சிக்கு வாடை வரும். மாசத்துக்கு மாசம் கொஞ்சமா அரைச்சுக்கோ. நூறு கிராம் ராகியிலே சுமார் 350 மில்லிகிராம் கால்சியம் இருக்கு. அரிசியிலே 10-ஐ ஒட்டித்தான். ஐ.நா. சபை 2023-ஐச் சிறுதானிய ஆண்டுன்னு அறிவிச்ச அன்னியிலேர்ந்து எங்க களிக்கு நல்ல காலம். அதுவரைக்கும் அது ஏழை சோறு, இப்போ உன் ஆபீஸ்ல அது டயட்டு. ஆனா களி உருண்டையை டப்பாவிலே கட்டாதே. ஒரு மணிக்கு அது கிரிக்கெட் விளையாடத்தான் ஆகும். அந்த உருண்டையை, கன்னடத்துல முத்தெங்கிறாங்களே, அதைச் சுடச்சுட, மெல்லாம முழுங்கணும். அதுக்கு ஆபீஸ் இடமில்லை. கூழா கொண்டு போ. ராகி மாவை முந்தின நாளே கரைச்சுப் புளிக்க விட்டு, அரிசி நொய் வேகும்போது ஊத்திக் கிண்டி ஆற வெச்சிடு. காலையிலே மோர், உப்பு, சின்ன வெங்காயம் போட்டுக் கலக்கி உன் தண்ணி பாட்டில்ல ஊத்திக்கோ. பக்கத்து சீட்டுல இருக்கிறவ முன்னூறு ரூபாய்க்கு ஸ்மூத்தி வாங்கி உறிஞ்சுவா. நீயும் உறிஞ்சு. ரெண்டு பேர் பாட்டிலும் வெளியே பார்த்தா ஒண்ணுதான்.

முன்கூட்டியே செஞ்சு வெக்கிற வித்தையிலே பெங்களூரை அடிச்சுக்க ஆளில்லை. 1924-ல தொடங்கின எம்.டி.ஆர். ஓட்டல்ல, ரெண்டாம் உலகப் போர்ல அரிசிக்குத் தட்டுப்பாடு வந்தப்போ ரவையை வெச்சுப் பார்த்து ரவா இட்லி பிறந்ததுன்னு அவங்க சொல்லுவாங்க. எமர்ஜென்சியிலே ஓட்டல் பண்டத்துக்கு அரசாங்கம் விலை கட்டினப்போ கட்டுப்படியாகாம ஓட்டலை மூடினாங்க. அப்போ பாக்கெட்டுல போட்ட மிக்ஸ்தான் நாடு முழுக்கப் பரவி உன் அலமாரி வரைக்கும் வந்திருக்கு. அந்த பாக்கெட் கம்பெனியை 2007-ல நார்வே நாட்டு ஓர்க்லா வாங்கிடுச்சு. உன் ரவா இட்லி மிக்ஸோட முதலாளி பனி பெய்யுற ஊர்ல இருக்கான் கண்ணு. உனக்கு ரவை வறுக்க நேரமில்லைன்னு அவனுக்கு அங்கேயே தெரிஞ்சிருக்கு. 2005-லேர்ந்து ஐடி பிரெஷ்காரங்க இட்லி மாவையும் அரைச்சு பாக்கெட்டுல கொடுக்கிறாங்க. வாங்கிக்கோ, பாவமில்லை. உரல்ல ஆட்டினவதான் பத்தினின்னு நான் சொல்ல மாட்டேன். உரலைச் சுத்தினவங்க இடுப்பு வலியையும் நான் பார்த்திருக்கேன்.

ஆனா மிக்ஸை நீயே செஞ்சா காசும் மிச்சம், உப்பும் உன் கையிலே. ஞாயித்துக்கிழமை எண்ணெயிலே கடுகு, கடலைப்பருப்பு, முந்திரி, கறிவேப்பிலை தாளிச்சு, அதிலேயே ரவையைப் போட்டு மணம் வர்ற வரைக்கும் வறுத்து, நல்லா ஆறினதும் பாட்டில்ல போடு. காலையிலே ரெண்டு கை ரவைக்கு ரெண்டு கை தயிர், கொஞ்சம் தண்ணி, துருவின கேரட், பொடியா நறுக்கின இஞ்சி. நீ குளிச்சுட்டு வர்றதுக்குள்ளே ஊறிடும். துளி சோடா உப்பு போட்டு ஆவியிலே வெச்சா பன்னெண்டு நிமிஷம். அரிசி இட்லி ஆறினா விறைக்கும். தயிர் சேர்ந்த இது மத்தியானம் வரைக்கும் மெத்துன்னு இருக்கும். தொட்டுக்கச் சட்னி வேண்டாம்னு சொல்லிட்டேன். வேர்க்கடலைப் பொடி, ஆளிவிதைப் பொடி, இல்லேன்னா அங்கே ஹுச்செள்ளுன்னு விக்கிறாங்களே அந்தப் பேயெள்ளுப் பொடி, எதையாவது நல்லெண்ணெயிலே குழைச்சுத் தடவிக்கோ. வட கர்நாடகத்துக்காரங்க இந்தப் பொடிகளையும் காஞ்ச சோள ரொட்டியையும் கட்டிக்கிட்டு ஒரு வாரம் ஊர் சுத்தி வருவாங்க.

இட்லித் தட்டுல துணியைப் போடு, துணியை. 2025 பிப்ரவரியிலே கர்நாடக அதிகாரிங்க ஓட்டல் ஓட்டலா சோதனை போட்டப்போ, துணிக்குப் பதிலா பிளாஸ்டிக் விரிச்சு இட்லி வேக வெச்ச கதை வெளியே வந்துச்சே, படிச்சியா? அதுக்கு முந்தின வருஷம் மார்ச்சுல கோபி மஞ்சூரியன்ல செயற்கைச் சாயம் போடக் கூடாதுன்னு உத்தரவு. அந்தச் செவப்பு மிளகாய்ல வந்ததுன்னு நம்பிக்கிட்டிருந்த ஒரே ஆள் நம்ம மாப்பிள்ளைதான்.

மாப்பிளே, நீங்களும் கேளுங்க. உங்களை மறந்துட்டேன்னு நினைச்சு பால்கனிப் பக்கம் நழுவ வேண்டாம். "தாத்தா, சில்க் போர்டு டிராபிக்ல ரெண்டு மணி நேரம் போகுது, சமைக்க நேரம் ஏது"ன்னு வருஷக்கணக்கா சொன்னீங்க. நானும் நம்பினேன். 2025 ஆகஸ்டுல ஆர்.வி. ரோட்டுலேர்ந்து பொம்மசந்திரா வரைக்கும் மெட்ரோ விட்டாங்க, சில்க் போர்டு தலைக்கு மேலேயே போகுது. இப்போ மிச்சமான நேரம் எங்கே போச்சுன்னு கேட்டா, போன்ல தலையை விட்டுக்கிட்டு "ம்"ங்கிறீங்க. உங்க போன் ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் பார்த்தீங்கன்னு தானே கணக்குச் சொல்லுமாமே, அதை என்கிட்டே காட்டுறீங்களா? வேண்டாம், விடுங்க. மரியாதை கெட்டுடும்.

மெட்ரோவிலே டப்பாவைத் திறந்துடாதீங்க, அதையும் சொல்லி வெக்கிறேன். 2023-ல ஒருத்தர் ஓடுற மெட்ரோவிலே கோபி மஞ்சூரியன் சாப்பிட்ட வீடியோ பரவி, 500 ரூபாய் அபராதம் கட்டினார். சாயத்துக்குத் தடை வேற, வண்டியிலே சாப்பிட்டா அபராதம் வேற!

உங்களுக்கு வேலை லேசுதான் மாப்பிளே. ராத்திரி படுக்கப் போறதுக்கு முன்னாடி ஒரு கை பச்சைப்பயறோ கொள்ளோ தண்ணியிலே போடணும். எம்.டெக். படிச்சவரு, தண்ணி ஊத்தத் தெரியாதுன்னு சொல்ல மாட்டீங்க. மறுநாள் வடிச்சுத் துணியிலே கட்டினா அதுக்கு அடுத்த நாள் முளை விட்டிருக்கும். அது பாட்டுக்கு வளரும். நீங்க பாட்டுக்குத் தூங்கலாம். உங்களுக்குன்னே அமைஞ்ச சமையல். அதை வேக வெச்சுத் தாளிச்சா சுண்டல். முட்டை சாப்பிடுறதா இருந்தா நாலஞ்சு அவிச்சு ஓட்டோட பிரிட்ஜுல வெச்சுக்குங்க, ஒரு வாரம் இருக்கும். ஆபீஸ்ல உரிக்கும்போது மட்டும் ஜன்னல் பக்கமா உக்காருங்க.

கண்ணு, இந்தச் சுண்டலை எதுக்குச் சொல்றேன்னா, உன் டப்பாவைப் பார்த்தேன். சோறு வயல் மாதிரி விரிஞ்சு கிடக்கு, காய் வரப்பு மாதிரி ஓரத்துல ஒட்டிக்கிட்டிருக்கு. ஐதராபாத்துல இருக்கிற தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-ல வெளியிட்ட வழிகாட்டியிலே, தட்டுல பாதி காய், கீரை, பழம்தான் இருக்கணும்னு படம் போட்டே காட்டியிருக்காங்க. மிச்சப் பாதியிலேதான் சோறும் பருப்பும் பங்கு போட்டுக்கணும். புளிச்சோறு எட்டு மணி நேரம் தாங்கும்னு சொன்னேன்தான். அதுக்காக டப்பா முழுக்கப் புளிச்சோத்தை அமுக்கிக்கிட்டுப் போய், மூணு மணி மீட்டிங்ல சொக்கி விழுந்துட்டு, "தாத்தாதான் சொன்னாரு"ன்னு என் பேரை இழுக்காதே.

காய்க்குத்தான் நேரம்னு சொல்லுவே. பெங்களூர்ல இருந்துக்கிட்டு அதைச் சொல்லக் கூடாது. வாரத்துக்கு ஒரு தடவை ஹாப்காம்ஸ் கடைக்குப் போ. 1959-ல தோட்டக்காரங்க கூட்டுறவா ஆரம்பிச்சது அது. கீரையைக் கழுவி, ஈரம் போக உலர்த்தி, துணியிலே சுத்தி வெச்சா நாலு நாள் நிக்கும். ஈரத்தோட பிளாஸ்டிக் கவர்ல கட்டினா ரெண்டாம் நாளே குளமாயிடும். உன் பிரிட்ஜ் கீழ்த் தட்டுல அப்படி ஒரு குளம் இருக்கு. எந்தக் கீரைன்னு எனக்கே அடையாளம் தெரியலை.

மண்டியா பக்கத்துக்காரங்க பஸ்ஸாருன்னு ஒண்ணு செய்வாங்க. உன்னை மாதிரி வேலைக்குப் போறவளுக்கு அதைவிட உசத்தியா ஒண்ணை நான் பார்க்கலை. துவரம்பருப்பையோ பயறையோ மலர வேக வெச்சு, அதிலேயே கீரையைப் போட்டு ஒரு கொதி விட்டு, தண்ணியை வடிச்சுடணும். வடிச்ச தண்ணியிலே மசாலா அரைச்சு விட்டா ராத்திரிக்குச் சாறு. சுடச்சுட அன்னிக்கே சாப்பிட்டு முடிச்சுடுவீங்க, கெடறதுக்கு அதுக்கு நேரமே கிடைக்காது. மிச்சம் இருக்கிற பருப்பையும் கீரையையும் ஆற வெச்சு பிரிட்ஜுல போடு. காலையிலே கடுகு, பூண்டு, காஞ்ச மிளகாய் தாளிச்சு ஒரு புரட்டு. அஞ்சு நிமிஷத்துல டப்பாவிலே பாதி நிறைஞ்சுது. தேங்காய் போடணும்னு கை துறுதுறுக்கும். போடாதே.

அடுப்பே வேண்டாம்னா கோசம்பரி. பாசிப்பருப்பைக் காலையிலே எழுந்ததும் ஊறப்போட்டா கிளம்புறதுக்குள்ளே பதமாயிடும். வடிச்சுட்டு, கேரட் துருவிப் போட்டுக் கொண்டு போ. வெள்ளரியை நறுக்கித் தனியா வை. உப்பும் எலுமிச்சம்பழமும் சாப்பிடும்போதுதான். காலையிலேயே உப்புப் போட்டா வெள்ளரி தண்ணி விட்டு, மத்தியானம் கோசம்பரியை நீ குடிக்கத்தான் வேணும். கொஜ்ஜவலக்கிக்கும் அடுப்பு பேருக்குத்தான். கெட்டி அவலை ஒண்ணும் பாதியுமா பொடிச்சு, புளித்தண்ணி, வெல்லம், ரசப்பொடி, உப்பு கலந்து ஊத்திப் பிசறி வெச்சா அது தானே குடிச்சுப் பூத்துடும். தாளிப்புக்கு வேர்க்கடலை நிறைய. புளி இருக்கிறதால இதுவும் ரயிலேறும்.

மார்கழி, தை வந்துட்டா வேற எதையும் பேசாதே. அவரெகாய் காலம். மாகடி பக்கத்துல இருந்து மூட்டை மூட்டையா வந்து இறங்கும், பசவனகுடி, வி.வி.புரம் பக்கம் அதுக்குன்னே மேளா நடத்தி, அவரெயிலே தோசை, அவரெயிலே ஜிலேபின்னு கூத்தடிப்பாங்க. நம்ம ஊர்ப் பிதுக்கு மொச்சைதான் அது. ஊற வெச்ச மொச்சையை ரெண்டு விரலால அமுக்கினா தோலை விட்டு 'சிலுக்'குனு தெறிக்கும். ஒரு படி பிதுக்க ஒரு சாயங்காலம் ஆகும். அந்தக் காலத்துல திண்ணையிலே உக்காந்து ஊர் வம்பு பேசிக்கிட்டே பிதுக்குவாங்க. வம்பு தீர்றதுக்குள்ளே படி நிறைஞ்சுடும். உங்களுக்கு வெப் சீரிஸ் இருக்கே, என்ன குறை? ரெண்டு பேரும் உக்காந்து ரெண்டு எபிசோடு பாருங்க, கை சும்மா இருக்கக் கூடாது. பிதுக்கினதைக் கை கையா பொட்டலம் கட்டி பிரீசர்ல போட்டுட்டா பங்குனி வரைக்கும் ராஜபோகம். காலையிலே ஒரு பொட்டலத்தை எடுத்து அரிசியோட குக்கர்ல போட்டு, தக்காளித் தொக்கு ஒரு கரண்டி விட்டா ஒரே பாத்திரத்துல முடிஞ்சுது. ஆபீஸ்ல மூடியைத் திறந்ததும் நாலு கன்னடக்காரங்க உன் மேசையைச் சுத்தி நிப்பாங்க. உனக்கு எவ்வளவு மிஞ்சும்னு நான் உத்தரவாதம் கொடுக்க மாட்டேன்.

வர்ற வெள்ளிக்கிழமை நம்ம முருகர் கோயில் பூசாரி மகன் கிருஷ்ணகிரியிலேர்ந்து மடிவாளா வர்றான். வேர்க்கடலைப் பொடி, கொள்ளுப் பொடி, எள்ளுப் பொடி மூணையும் எவர்சில்வர் தூக்குல கொடுத்து விடறேன். கூட ரெண்டு படி ராகி இருக்கு, மாசத்துக்கு ஆகும். மாப்பிள்ளையை நேர்ல போய் வாங்கிக்கச் சொல்லு. அதுக்கும் பைக்குப் பையனை அனுப்பிடப் போறாரு. எள்ளுப் பொடியை மட்டும் உயரமான தட்டுல, அந்தக் கண்ணாடி டப்பாக்களுக்குப் பின்னாடி வை. அங்கே அவர் கை என்னைக்கும் போனதில்லை.